கோடு இருக்கிறது, கணக்குதான் சேரவில்லை: வாசகர் கேள்வி – பதில்

வணிக அறிக்கைகளுக்காகப் பவர் பிஐ மென்பொருளில் தரவு மாடல் அமைப்பவர்கள் அனுப்பிய கடிதங்களில், அட்டவணைகளுக்கு இடையிலான உறவுகளைப் பற்றியவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டுள்ளேன். மாடல் காட்சியில் இரண்டு பெட்டிகளை இணைக்கும் கோட்டைத்தான் இங்கே உறவு என்கிறோம். ரிலேஷனல் என்ற சொல்லை 1970-இல் கணினி அறிவியலாளர் எட்கர் காட் தரவுத்தளத் துறைக்குக் கொண்டுவந்தபோது, ரிலேஷன் என்று அவர் குறித்தது அட்டவணையையே தவிர, அட்டவணைகளை இணைக்கும் கோட்டை அல்ல. பெயரிலேயே குழப்பம் இருக்கும்போது மாடலில் இருப்பதில் வியப்பில்லை.

கேள்வி: விற்பனை, ரிட்டர்ன், பொருள் என்று மூன்று அட்டவணைகள் வைத்திருக்கிறேன். முதல் இரண்டும் பொருள் குறியீட்டின் வழியாகப் பொருள் அட்டவணையுடன் இணைக்கப்பட்டுள்ளன. பொருள்வாரியாக ரிட்டர்ன் தொகையைக் காட்ட முயன்றால், எல்லாப் பொருள்களுக்கும் ஒரே எண் வருகிறது. அது மொத்த ரிட்டர்ன் தொகை. கோடுகளை அழித்துவிட்டு மூன்று முறை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். கடைசியில் விற்பனைக்கும் பொருளுக்கும் இடையிலான உறவின் திசையை ‘இருபுறமும்’ என்று மாற்றியதும் சரியாகிவிட்டது. இதை அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிட வேண்டாம். இப்போது சரியாக வருவது போலத் தெரியும் எண், வேறொரு பக்கத்தில் தவறாக வந்துகொண்டிருக்கக்கூடும்; அது தவறு என்று எவருக்கும் தோன்றாது என்பதுதான் சிக்கல்.

எல்லா வரிசையிலும் ஒரே எண் வந்தால், வரிசையின் தலைப்பில் உள்ள வடிகட்டி (ஃபில்டர்), எண் இருக்கும் அட்டவணையைச் சென்று அடையவில்லை என்று பொருள். கோடே இல்லாமல் இருக்கலாம். அல்லது கோடு புள்ளிக்கோடாக, அதாவது செயலற்றதாக இருக்கலாம். உங்கள் கடிதத்தில் இரண்டுமே இல்லை. எனவே மூன்றாவது காரணம்தான் மிஞ்சுகிறது: நீங்கள் விஷுவலில், அதாவது அறிக்கைப் பக்கத்தில் வைக்கும் படத்திலோ அட்டவணையிலோ, இழுத்துப் போட்ட பொருள் குறியீடு, பொருள் அட்டவணையிலிருந்து வரவில்லை, விற்பனை அட்டவணையிலிருந்து வந்திருக்கிறது. இரண்டு இடத்திலும் நெடுவரிசையின் பெயர் ஒன்றாக இருக்கும்போது இது மிக எளிதில் நேர்ந்துவிடும்.

குறியீடு ஒரு பக்கத்தில் ஒருமுறை மட்டும், மறுபக்கத்தில் பலமுறை வருவது ஒன்றுக்குப் பல என்ற உறவு. அதில் வடிகட்டி ‘ஒன்று’ என்ற முனையிலிருந்து ‘பல’ என்ற முனைக்குச் செல்லும். இயல்பான அமைப்பில் எதிர்த்திசையில் ஏறாது. பொருள் அட்டவணையில் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்தால் அத்தேர்வு விற்பனைக்கும் இறங்கும், ரிட்டர்னுக்கும் இறங்கும். விற்பனை அட்டவணையில் தேர்ந்தெடுத்தாலோ அது அங்கேயே நின்றுவிடும். ரிட்டர்ன் அட்டவணைக்கு எதுவும் தெரியாது, ஆகவே தன் மொத்தத்தை ஒவ்வொரு வரிசைக்கும் கொடுக்கும். திசையை இருபுறமும் ஆக்கியபோது, விற்பனையிலிருந்து பொருளுக்கு ஏறி, அங்கிருந்து ரிட்டர்னுக்கு இறங்கும் வழி திறந்துகொண்டது. அதனால்தான் எண்கள் பிரிந்து வந்தன.

இனி அந்த வழியின் விளைவைப் பாருங்கள். வாடிக்கையாளர் அட்டவணை ஒன்று விற்பனையுடன் மட்டும் இணைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்லைசரில், அதாவது அறிக்கைப் பக்கத்தில் உள்ள தேர்வுப் பெட்டியில், ஒரு வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். தேர்வு விற்பனைக்குச் செல்கிறது. அவர் வாங்கிய பொருள்கள் மட்டும் பொருள் அட்டவணையில் எஞ்சுகின்றன. அப்பொருள்களின் ரிட்டர்ன்கள் கூட்டப்படுகின்றன. அதாவது, அந்த வாடிக்கையாளர் வாங்கிய பொருள்களை உலகத்தில் யார் திருப்பி அனுப்பியிருந்தாலும் அந்தத் தொகை முழுவதும் அவர் பெயருக்கு எதிரே நிற்கும். அவர் ஒரு பொருளையும் திருப்பி அனுப்பாதவராகவே இருக்கலாம். முன்பு வந்த ஒரே எண்ணாவது பார்த்த உடனே ஐயத்தை எழுப்பியது. இந்த எண் நம்பும்படியாக இருக்கிறது.

ஆகவே திசையை ஒருபுறமாக மீட்டு வையுங்கள். விஷுவலில் பொருள் அட்டவணையின் நெடுவரிசையைப் பயன்படுத்துங்கள். பிறகு, விற்பனையிலும் ரிட்டர்னிலும் உள்ள குறியீட்டு நெடுவரிசைகளை அறிக்கைக் காட்சியிலிருந்து மறைத்துவிடுங்கள். மறைத்தால் உறவு கெடாது, ஆனால் நாளை உங்கள் மாடலைப் பயன்படுத்தப்போகும் வேறொருவர் இதே பள்ளத்தில் விழமாட்டார். ரால்ஃப் கிம்பால் பரப்பிய நட்சத்திர அமைப்பு சொல்வதும் இதைத்தான்: வகைப்படுத்துவதற்குப் பொருள், வாடிக்கையாளர் போன்ற மாஸ்டர் அட்டவணை, கூட்டுவதற்கு விற்பனை, ரிட்டர்ன் போன்ற பரிவர்த்தனை அட்டவணை.

இருபுறத் திசைக்கு வேலையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு கணக்குக்குப் பல உரிமையாளர்கள், ஒருவருக்குப் பல கணக்குகள் என்ற நிலையில் இரண்டையும் இணைக்க நடுவே பாலமாக வைக்கும் அட்டவணைக்கு அது தேவைப்படுகிறது. அங்கேயும்கூட, தேவைப்படும் மெஷருக்குள் (கணக்கிடும் சூத்திரத்துக்குள்) மட்டும் உறவின் திசையை மாற்றும் கிராஸ்ஃபில்டர் செயற்கூறால் திறந்துவிடுவதையே நான் விரும்புவேன். விற்பனை உள்ள பொருள்கள் மட்டும் ஸ்லைசரில் தெரிய வேண்டும் என்பதற்காகத் திசையை மாற்றுபவர்கள் உண்டு. ஸ்லைசரின் விஷுவல் ஃபில்டரில் விற்பனை மெஷரை வைத்து ‘வெற்று அல்ல’ என்று குறித்தாலே அது நடந்துவிடும்.

கேள்வி: மண்டலவாரி விற்பனை அறிக்கையில் மண்டலங்களுக்குக் கீழே ‘வெற்று’ என்ற ஒரு வரிசை வருகிறது. அதைப் பார்த்து எல்லோரும் கேள்வி கேட்டதால் ஃபில்டரில் நீக்கிவிட்டேன். இப்போது அறிக்கையின் மொத்தம் கணக்குப் பிரிவின் மொத்தத்தோடு ஒத்துப்போகவில்லை. மண்டலம் வாடிக்கையாளர் அட்டவணையில் இருக்கிறது.

பதில்: நீங்கள் நீக்கியது உங்கள் மாடலில் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே வரிசையை. முதலில் அந்த ஃபில்டரை எடுத்துவிடுங்கள்.

விற்பனை அட்டவணையில் உள்ள ஒரு வாடிக்கையாளர் குறியீடு வாடிக்கையாளர் அட்டவணையில் இல்லையென்றால், அந்த விற்பனையைப் பவர் பிஐ தூக்கி எறிவதில்லை. ‘ஒன்று’ முனையில் உள்ள அட்டவணைக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெற்று வரிசையைத் தானே சேர்த்து, வீடில்லாத எல்லாப் பரிவர்த்தனைகளையும் அதன்கீழ் வைக்கிறது. மொத்தம் குறையாமல் இருப்பது இந்த ஏற்பாட்டால்தான். தரவுக் காட்சியில் தேடினால் இந்த வரிசை கிடைக்காது. விஷுவலில் மட்டுமே தோன்றும்.

ஆனால் உங்கள் விஷுவலில் இரண்டு வகையான வெற்றுகள் ஒன்றாகக் கலந்திருக்க வாய்ப்புண்டு. மாஸ்டரில் பதிவே இல்லாத வாடிக்கையாளர் ஒரு வகை. பதிவு இருந்தும் மண்டலம் நிரப்பப்படாமல் விடப்பட்டவர் இன்னொரு வகை. இருவரும் ஒரே ‘வெற்று’ தலைப்பின்கீழ் வந்துவிடுவார்கள். முதல் வகை உறவின் கோளாறு. இரண்டாவது வகை மாஸ்டரை நிரப்பியவரின் மறதி. இவற்றைப் பிரிப்பதற்கு ஒரு டேபிள் விஷுவலை எடுத்து, விற்பனை அட்டவணையில் உள்ள வாடிக்கையாளர் குறியீட்டையும் விற்பனைத் தொகை மெஷரையும் போடுங்கள். வாடிக்கையாளர் அட்டவணையின் குறியீட்டு நெடுவரிசையை விஷுவல் ஃபில்டரில் வைத்து, வெற்று என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். மண்டலத்தை அல்ல, குறியீட்டைத்தான் ஃபில்டரில் வைக்க வேண்டும். ‘ஒன்று’ முனையின் குறியீட்டில் வெற்று மதிப்புக்கு அனுமதி இல்லாததால், இங்கே வெற்றாக வருவது அந்தக் கண்ணுக்குத் தெரியாத வரிசை ஒன்றே. எனவே உங்களுக்குக் கிடைப்பது, மாஸ்டரில் இல்லாத குறியீடுகளின் முழுப் பட்டியல்.

அந்தப் பட்டியலை நிதானமாகப் படியுங்கள். காரணம் பெரும்பாலும் அதன் முகத்திலேயே எழுதியிருக்கும். புதிய குறியீடுகள் மட்டும் இருந்தால் மாஸ்டர் பழையதாகிவிட்டது. மாஸ்டரில் 00417 என்று இருந்து இங்கே 417 என்று இருந்தால், தரவை மாடலுக்குள் ஏற்றும் முன் சீராக்கும் பகுதியான பவர் குவரி தானாகச் சேர்த்த ‘வகை மாற்றம்’ என்ற படி ஒரு பக்கத்துக் குறியீட்டை எண்ணாக மாற்றி முன்பூஜ்யங்களைத் தின்றிருக்கிறது. பின்னால் யாரோ அதை மறுபடியும் எழுத்தாக மாற்றியிருக்கிறார்கள். கூட்டவோ கழிக்கவோ போவதில்லை என்றால் குறியீட்டைத் தொடக்கத்திலிருந்தே எழுத்து வகையாக வைத்திருப்பதுதான் நல்லது. எல்லாம் சரியாகத் தெரிந்தும் பொருந்தவில்லை என்றால், குறியீட்டின் முன்னால் ஓர் இடைவெளி ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில் குறியீடே இல்லாத வரிசைகள் இருந்தால், அவை பெயர் பதிவு செய்யாமல் நடந்த விற்பனைகளாக இருக்கலாம். அவற்றுக்காக மாஸ்டரில் ‘பதிவு செய்யப்படாதவர்’ என்று ஒரு வரிசையைச் சேர்த்து, பவர் குவரியில் வெற்றுக் குறியீட்டை அதற்கு மாற்றிவிடுவது முறையானது.

மாடல் பெரியதாக இருந்தால், டாக்ஸ் ஸ்டூடியோ என்ற இலவசக் கருவியில் உள்ள வெர்ட்டிபாக் அனலைசர், எந்த உறவில் எத்தனை குறியீடுகள் துணையின்றி நிற்கின்றன என்பதை ஒரே பார்வையில் காட்டும்.

கேள்வி: நாட்காட்டி அட்டவணையை உருவாக்கி விற்பனைத் தேதியுடன் இணைத்தேன். பழைய விற்பனைகள் சரியாக வருகின்றன. புதிய பில்லிங் மென்பொருளுக்கு மாறிய பிறகு நடந்தவை ஏறக்குறைய முழுவதும் வெற்றுத் தேதியில் விழுகின்றன. இரண்டு நெடுவரிசைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தேதிகள் ஒன்றாகவே இருக்கின்றன.

பதில்: ‘ஏறக்குறைய’ என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அந்தச் சொல்லில் இருக்கிறது. புதிய மென்பொருள் தேதியோடு நேரத்தையும் சேர்த்துப் பதிவு செய்கிறது. மாடலுக்குள் தேதி என்பது ஓர் எண். முழு எண் பகுதி நாள், தசமப் பகுதி நேரம். பகல் 12 மணி என்றால் 0.5 கூடியிருக்கும். நாட்காட்டி அட்டவணையின் ஒவ்வொரு நாளும் நள்ளிரவில், தசமம் இல்லாமல் நிற்கிறது. ஆகவே மிகச் சரியாக நள்ளிரவு 12 மணிக்குப் பதிவான பில் மட்டுமே பொருந்தும். மற்றவை அனைத்தும் வெற்றுக்குப் போகும். நெடுவரிசையின் தோற்றத்தைத் தேதி வடிவத்துக்கு மாற்றினால் நேரம் மறையுமே தவிர நீங்காது. உங்கள் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது அதனால்தான்.

பவர் குவரியில் அந்த நெடுவரிசையின் வகையைத் தேதி என்று மாற்றுங்கள். அங்கே செய்யும் மாற்றம் தசமத்தை உண்மையாகவே வெட்டிவிடும். நேரமும் தேவை என்றால் அதைத் தனி நெடுவரிசையாகப் பிரித்து வையுங்கள். தேதியும் நொடியும் ஒன்றாக உள்ள நெடுவரிசையில் மதிப்புகள் திரும்பத் திரும்ப வருவதில்லை என்பதால் அது நன்றாகச் சுருங்குவதும் இல்லை. பிரித்தால் கோப்பின் அளவும் குறையும்.

மாற்றிய பிறகும் சில நாட்கள் வெற்றில் நின்றால், உங்கள் நாட்காட்டி எந்த நாளோடு முடிகிறது என்று பாருங்கள். இறுதித் தேதியைக் கையால் எழுதி வைத்துவிட்டு அடுத்த ஆண்டு மறந்துபோவது எனக்கும் நேர்ந்ததுண்டு.

கேள்வி: பவர் குவரியில் ‘நகல்களை நீக்கு’ என்ற கட்டளையைக் கொடுத்த பிறகும், பொருள் குறியீட்டில் நகல் மதிப்பு இருப்பதாகச் சொல்லி ரிஃப்ரெஷ் நின்றுவிடுகிறது. உறவைப் பலவற்றுக்குப் பல என்று மாற்றினால் பிழை மறைகிறது.

பதில்: பவர் குவரியும் மாடலின் இயந்திரமும் எழுத்துகளை ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. பவர் குவரிக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு, மாடலுக்கு ஒன்று. சொல்லின் பின்னால் வரும் இடைவெளியைப் பவர் குவரி ஓர் எழுத்தாக மதிக்கும். மாடல் அதை வெட்டிவிடும். எனவே பவர் குவரியில் இரண்டாக இருந்தவை மாடலுக்குள் நுழையும்போது ஒன்றாகிவிடுகின்றன. முதலில் டிரிம் செய்து (ஓரங்களில் உள்ள இடைவெளிகளை நீக்கி), எல்லாவற்றையும் பெரிய எழுத்துக்கு மாற்றி, அதன் பிறகு நகல்களை நீக்குங்கள், பிழை போய்விடும்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வியை நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும்: அந்த நகல்கள் உண்மையில் நகல்கள்தானா? ஒரே குறியீட்டுக்கு இரண்டு வரிசைகள் இருந்து, ஒன்றில் பழைய விலையும் மற்றொன்றில் புதிய விலையும் இருந்தால், நீக்குவது தூய்மைப்படுத்தல் ஆகாது; வரலாற்றில் ஒரு பாதியை அழிப்பதாகும். எந்தப் பாதி அழிகிறது என்பதையும் நீங்கள் முடிவு செய்திருக்கமாட்டீர்கள். எது வேண்டும் என்பதை மாஸ்டருக்குப் பொறுப்பானவரிடம்தான் கேட்க வேண்டும். மென்பொருளிடம் கேட்க முடியாது.

பலவற்றுக்குப் பல என்று மாற்றியதால் பிழைச் செய்திதான் மறைந்தது, நகல்கள் அப்படியே இருக்கின்றன. நகலான பொருளின் இரண்டு வரிசைகளும் வெவ்வேறு வகையைச் சேர்ந்தவையாக இருந்தால், அதன் விற்பனை இரண்டு வகைகளிலும் முழுமையாகக் காட்டப்படும். இந்த வகை உறவில் முன்பு சொன்ன வெற்று வரிசையும் சேர்க்கப்படுவதில்லை என்பதால், துணையில்லாத குறியீடுகளின் விற்பனை எந்த வகையின்கீழும் வராது. மொத்தத்தில் மட்டும் இருக்கும். ஒரு பக்கம் கூடுகிறது, மறுபக்கம் குறைகிறது. வரிசைகளைக் கூட்டினால் மொத்தம் வராது என்ற புகார் அடுத்த மாதம் உங்களிடம் வந்து சேரும். இணைந்த அட்டவணையிலிருந்து மதிப்பை எடுத்துவரும் ரிலேட்டட் செயற்கூறும் இந்த உறவில் வேலை செய்யாது.

கேள்வி: ஆர்டர் தேதி, டெலிவரி தேதி இரண்டையும் ஒரே நாட்காட்டியோடு இணைத்தேன். இரண்டாவது கோடு புள்ளிக்கோடாக வருகிறது.

பதில்: அது கோளாறு அல்ல. இரண்டு அட்டவணைகளுக்கு இடையே ஒரு நேரத்தில் ஓர் உறவு மட்டுமே செயலில் இருக்க முடியும். டெலிவரிக் கணக்கு ஓரிரு மெஷர்களில் மட்டும் தேவை என்றால், கால்குலேட் செயற்கூறுக்குள் யூஸ்ரிலேஷன்ஷிப் செயற்கூறைக் கொடுத்துப் புள்ளிக்கோட்டை அந்தக் கணக்குக்கு மட்டும் எழுப்பிக்கொள்ளலாம். இரண்டு தேதிகளாலும் ஒரே பக்கத்தில் வடிகட்ட வேண்டும் என்றால், டெலிவரி நாட்காட்டி என்று இரண்டாவது அட்டவணையை வைப்பதே நேர்வழி.

கேள்வி: கிளை எண், பில் எண் இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு பில் தனித்து அடையாளமாகும். உறவுக்கு ஒரு நெடுவரிசையை மட்டுமே தேர்ந்தெடுக்க முடிகிறதே?

பதில்: ஆம், ஒன்றுதான் முடியும். இரண்டையும் ஒட்டி இரு அட்டவணைகளிலும் புதிய நெடுவரிசை ஒன்றை உருவாக்குங்கள். ஒட்டும்போது நடுவே ஒரு குறியை வைக்க மறவாதீர்கள். குறி இல்லாவிட்டால், கிளை 1-இன் பில் 23-ம் கிளை 12-இன் பில் 3-ம் ஒரே 123 ஆகிவிடும்.

கேள்வி: பட்ஜெட் மாதவாரியாக இருக்கிறது, விற்பனை நாள்வாரியாக இருக்கிறது. நாட்காட்டியின் மாத நெடுவரிசையோடு பட்ஜெட்டை இணைத்தால் பலவற்றுக்குப் பல என்று கேட்கிறது. ஏற்றுக்கொள்ளலாமா?

பதில்: நாட்காட்டியில் ஒரு மாதம் 28 முதல் 31 வரிசைகளில் வருகிறது, பட்ஜெட்டிலும் பிரிவுக்கு ஒன்றாகப் பலமுறை வருகிறது. ஆகவே மென்பொருள் கேட்பது நியாயமே. இருந்தாலும் நான் அந்த வழியில் செல்வதில்லை. பட்ஜெட்டின் ஒவ்வொரு வரிசைக்கும் அம்மாதத்தின் முதல் நாளைத் தேதியாகக் கொடுத்து, நாட்காட்டியின் தேதி நெடுவரிசையோடு வழக்கமான ஒன்றுக்குப் பல என்ற உறவில் இணைத்துவிடுங்கள். மாதம், காலாண்டு, ஆண்டு ஆகிய மூன்று நிலைகளிலும் இரண்டு தொகைகளும் அருகருகே சரியாக நிற்கும்.

நாள் நிலைக்கு இறங்கினால் மட்டும் மாத பட்ஜெட் முழுவதும் 1-ஆம் தேதியில் குவிந்து, மற்ற நாட்கள் காலியாக இருக்கும். அதைப் பார்ப்பவர், முதல் நாளே இலக்கு தவறிவிட்டதாக நினைப்பார். பட்ஜெட் மெஷரில் ஈஸ்இன்ஸ்கோப் செயற்கூறு கொண்டு சோதித்து, விஷுவலில் தேதி நிலை இருக்கும்போது வெற்றைத் திருப்பித் தரும்படி எழுதுங்கள். மாதத் தொகையை நாட்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பரப்பலாமா என்று சிலர் கேட்பார்கள். பட்ஜெட் போட்டவர் நாள்வாரியாக எதையும் திட்டமிடாதபோது, நாள்வாரி இலக்கு ஒன்றை நாமே உண்டாக்கி அறிக்கையில் அச்சிடுவது சரியென்று எனக்குப் படவில்லை. அவர் ஒப்புக்கொண்டால், விடுமுறை நாட்களுக்குப் பங்கு உண்டா இல்லையா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, பவர் குவரியிலேயே பட்ஜெட்டை நாள்களாகப் பிரித்து வையுங்கள். அதன் பிறகு உறவில் மாற்றுவதற்கு எதுவும் இருக்காது.